கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரம்

2023 அக்டோபரில் கனடாவின் டொரோண்டோவுக்கு வந்து இறங்கினோம். நவம்பர் 5 ஆம் தேதி இந்த ஊர் வழக்கப்படி கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம். எனக்கோ, என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்த நாளோடு இன்னும் ஒரு மணி நேரம் சேர்ந்துகொண்டது. அன்று மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

திருச்சியில் பதினான்கு வருடம் கணக்காளராக இருந்தவன் நான். இங்கே ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. மனைவிக்கு மூன்றாவது வாரமே வேர்ஹவுஸில் வேலை கிடைத்துவிட்டது. மகளைப் பள்ளியில் விடக் கிளம்பும் நேரம், சரியாக எட்டு மணிக்கு, அம்மா கூப்பிடுவார். ஊரில் அப்போது மாலை ஆறரை, விளக்கேற்றி முடித்திருப்பார். "ஏதாச்சும் தகவல் வந்துச்சாப்பா?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் என் நாள் தொடங்கும்.

வேலை தேடுவதையே எட்டு மணி நேர வேலையாகச் செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே இரண்டு மாதத்தைக் கழித்தேன். உண்மையில் விண்ணப்பத்துக்குப் போனது ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் மெயில் வந்ததா என்று பார்த்தது. நடுவில் ஆன்லைனில் மூன்று சான்றிதழ் வேறு. சான்றிதழ் வாங்கும்போது ஏதோ நடக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். ஒரே ஒரு நேர்காணல் வந்தது. அதிலும் "கனடிய அனுபவம் இல்லையே" என்று முடித்துவிட்டார்கள். இருபத்தைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் இதைக் கேட்கக் கூடாது என்று டொரோண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி முதல் சட்டம் வந்துவிட்டது. விளம்பரத்தில் கேட்கக் கூடாது, சரி. மனதுக்குள் நினைப்பதை என்ன செய்வது?

வீட்டை விட்டு வெளியே இழுத்தது நூலகம். டொரோண்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க நூறு கிளைகள். முகவரிச் சான்று காட்டினால் அட்டை இலவசம், சூடான இடம், வைஃபையும் உண்டு. பஸ் கட்டணம்தான் உறுத்தும். பிரஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் 3.30 டாலர், அதை வைத்து இரண்டு மணி நேரம் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆகவே ஒரே கட்டணத்தில் நூலகம், காய்கறிக் கடை, திரும்ப வீடு என்று திட்டம் போடுவேன். கையில் வேலை இருந்தபோது நிமிடத்தை இப்படி எண்ணியதே இல்லை.

அங்கே உட்கார்ந்துதான் ஜி1 என்ற முதல்கட்ட ஓட்டுநர் எழுத்துத் தேர்வுக்குப் படித்தேன். சாலை விதியில் இருபது கேள்வி, குறியீட்டில் இருபது. ஒவ்வொன்றிலும் தனித்தனியே பதினாறு சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். ஊரில் கார் ஓட்டிய அனுபவத்துக்கு ஆர்.டி.ஓ. கடிதம் இருந்தால் அடுத்த கட்டத் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். கிளம்பும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டியது. தம்பியிடம் சொல்லி வாங்கி அனுப்ப வைத்தேன்.

மதியத்தில் சமையல். குளிரில் இட்லி மாவு மூன்று நாள் கல்லாகவே கிடந்தது. மேல்வீட்டு அக்கா சொல்லித்தான் ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிட்டேன். பொங்கியது.

நூலகத்தில் தினமும் செய்தித்தாள் படிக்க வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பழக்கமானார். என் கதையைக் கேட்டுவிட்டு, "கணக்காளர் எண்டால் பிறகென்ன தம்பி, மார்ச்சில சனத்துக்கு டாக்ஸ் செய்து குடுக்கலாமே?" என்றார். எல்லோரும் சி.ஆர்.ஏ. என்று சொல்லும் கனடிய வருவாய் முகமை, உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவச வரி முகாம் நடத்துகிறது. படிவம் நிரப்புவது தன்னார்வலர்கள். போலீஸ் சான்று வாங்கி, பதிவு செய்து, ஆன்லைனில் பயிற்சி முடித்து, மார்ச் முதல் சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன்.

முதல் படிவத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊரில் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். இங்கே தலைகீழ். ஒரு பைசா வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவித்தொகை, ஜி.எஸ்.டி. திரும்பத் தருவது, ஒண்டாரியோ மாகாணம் தரும் டிரில்லியம் என்ற உதவிப் பணம் எல்லாமே அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் கணக்காகின்றன. கொடுத்த வாடகையைக் குறிக்காமல் விட்டால் டிரில்லியத்தில் அடிபடும். வயதானவர்கள் வருமானத்தைக் காட்டும் டி4 துண்டுகளையும் வாடகை ரசீதுகளையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்து வருவார்கள். தொழில் வருமானம் இருந்தால் எங்கள் முகாமில் செய்ய முடியாது. டாக்ஸி ஓட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்பியபோது சங்கடமாக இருந்தது.

இத்தனை பேருக்குச் செய்துவிட்டு என் படிவத்தைச் சரிபார்க்கக் கொடுத்தால், கனடாவுக்கு வந்த தேதியைப் போடவே மறந்திருக்கிறேன். மூத்த தன்னார்வலர் அக்கா சிரித்துவிட்டு, "வந்தவுடனே ஊர்க்காரன் ஆகிட்டீங்களோ?" என்றார்.

ஏப்ரல் 30 கடைசி நாள். அன்று இரவு வீடு திரும்பும்போதுதான், ஐந்து நாளாக மெயிலைப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

ஜூனில் ஒரு சிறிய அலுவலகத்தில், வரும் பில்களுக்குப் பணம் அனுப்பும் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. திருச்சியில் என் கீழே இருந்தவர்கள் செய்த வேலை. முகாமால்தான் கிடைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நேர்காணலில் பாதி நேரம் முகாமைப் பற்றித்தான் பேச்சு. அப்புறம் நூலகம் போவது குறைந்துபோனது. அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூப்பிடுகிறார்.

அடுத்த மார்ச்சில் சனிக்கிழமைகளை மட்டும் முகாமுக்கு ஒதுக்கினேன். போன வருடத்து அதே பிஸ்கட் டப்பாவோடு ஒரு அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"போன வருசமும் நீங்கள்தானே தம்பி செய்து தந்தனீங்கள்? வேலை கிடைச்சிட்டுதோ?"

"கிடைச்சிடுச்சும்மா."

"அப்ப நல்லது," என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். பதினோரு வாடகை ரசீது இருந்தது. பிப்ரவரியைக் காணவில்லை.