ஆழம் போனால் உப்பு, மேலோடு எடுத்தால் நல்ல தண்ணீர்

கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியதும் ராமநாதபுரம் கடற்கரையில் முதலில் கேட்கும் யோசனை, "இன்னும் இருபது அடி இறக்குங்கண்ணே, கீழ நல்ல தண்ணி கிடக்கு" என்பதுதான். போர்வெல் வண்டி வரும், பணம் போகும். கொஞ்ச நாள் தண்ணீர் பரவாயில்லை என்று தோன்றும். பிறகு வாய் கொப்பளிக்கக்கூட ஆகாது. மண்டபம், ராமேஸ்வரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடலை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது, கீழே இருப்பது கடல். இதைப் புரிந்துகொள்ளாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் உப்பை மேலே இழுக்கத்தான் பயன்படுகிறது.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். நாம் நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கிவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். ஒரே நாளில் ஏறாது, மெதுவாக ஏறும். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்கவும் இறங்காது. குழாயின் நுனி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, மோட்டார் எவ்வளவு வேகமாக இழுக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பும்.

தனுஷ்கோடியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருபுறமும் கடல். நடுவே மணலில் சில அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை அங்குள்ள மீனவக் குடும்பங்கள் மொண்டு எடுக்கின்றன. தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே நிற்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. கரையிலிருந்து கடலை நோக்கி நிலத்தடியில் நகரும் நல்ல தண்ணீர்தான் அதற்கு ஊற்று.

எவ்வளவு கடல்நீர் கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. உங்கள் கிணற்றில் 400 இருக்கிறது என்று வையுங்கள். நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தால் 1,100-ஐ நெருங்கும். ஐந்து குடம் கலந்தால் 2,100-ஐத் தாண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 500 வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக, நல்ல கிணற்றுக்கும் கெட்ட கிணற்றுக்கும் நடுவே இருப்பது ஐந்து குடம்தான்.

சரியான கிணறு எப்படி இருக்க வேண்டும்? ஆழமில்லாமல், பக்கவாட்டில் கை நீட்டியதாக இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், ஆவணி புரட்டாசியில் நிலத்தடி நீர் ஆண்டிலேயே மிகக் கீழே இருக்கும். தோண்ட அதுதான் காலம். மார்கழியில் தோண்டினால் தண்ணீர் மேலே நிற்கும், அதை நம்பி நிறுத்திவிட்டு ஆடியில் வறண்ட உறையைப் பார்க்க வேண்டிவரும். நான்கடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை இறக்குங்கள். புரட்டாசி மட்டத்துக்குக் கீழே மூன்று அடிக்கு மேல் போகவே வேண்டாம்.

அடுத்தது, அந்தக் கையாக மண்ணுக்குள் படுக்கும் குழாய். நான்கு அங்குல பிவிசி குழாய், இருபுறமும் இருபது அடி. ஆக்சா பிளேடால் ஓர் அங்குலத்துக்கு ஒரு கீறல் என்று குறுக்கே அறுத்து, நைலான் கொசுவலையை இரண்டு சுற்றுச் சுற்றி, நைலான் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டுக்கம்பி வேண்டாம், உப்புக் காற்றில் ஒரே ஆண்டில் துருப்பிடித்து வலை அவிழ்ந்துவிடும். குழாய் கடற்கரைக்கு இணையாக ஓட வேண்டும். கடலை நோக்கி ஒரு கையை நீட்டினால் அந்தக் கை முதலில் உப்பைத்தான் பிடிக்கும். புரட்டாசி மட்டத்துக்குக் கீழே ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடிக்குள் குழாய் படுக்க வேண்டும். பத்து அடிக்கு ஓர் அங்குலம் கிணற்றுப் பக்கம் சரிவு, கடைசி முனைக்கு மூடி. சுற்றிலும் அரை அடிக்குச் சிறு ஜல்லி, அதற்கு வெளியே பெருமணல். ஜல்லி போடாமல் வலையை மட்டும் நம்பினால் பொடிமணல் கீறல்களை அடைத்து, இரண்டாம் கோடையில் குழாய் செத்துவிடும்.

இந்த வேலையில் ஆபத்து இருக்கிறது. ஈர மணல் சொல்லாமல் சரியும். இடுப்பளவுக்கு மேல் பள்ளம் போனால் இருபுறமும் பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பத்துப் பத்தடியாகத் தோண்டி, குழாயைப் படுக்கவைத்து, மூடிக்கொண்டே போங்கள். ஏற்கெனவே உப்பு ஏறும் இடமாக இருந்தால் கிணற்றின் அடியைச் சிமெண்டால் மூடிவிடுங்கள், தண்ணீர் பக்கவாட்டிலிருந்து மட்டும் வரட்டும். வாய் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், சுற்றிலும் வெளிப்புறம் சரிந்த மூன்றடி சிமெண்ட் தளம். கழிப்பறைக் குழி 50 அடிக்குள் இருக்கவே கூடாது. மணல் உப்பையும் வடிகட்டாது, கிருமியையும் முழுதாக நிறுத்தாது.

எடுக்கும் முறை கட்டும் முறையைவிட முக்கியம். நான்கடி உறையில் மட்டம் அரை அடி இறங்கினால், கிணற்றுக்குள்ளிருந்து வந்தது வெறும் 175 லிட்டர், பன்னிரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதியெல்லாம் மணலிலிருந்து ஊற வேண்டும். அரை எச்.பி. மோட்டார் போதும், அதையும் கேட் வால்வால் பாதிக்கு மேல் அடைத்து ஓட்டுங்கள். உறையின் உள்சுவரில், இறைக்கும் முன் நீர் நிற்கும் மட்டத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, மட்டம் அதிலிருந்து அரை அடிக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மேல்தொட்டி நிரம்பட்டும் என்று ஒரே மூச்சில் ஆயிரம் லிட்டர் இழுக்கும் பழக்கம்தான் இந்தக் கரையில் பல கிணறுகளைக் கொன்றிருக்கிறது. உங்கள் வீட்டில் அடக்கமாக எடுத்து, பக்கத்து மனையில் லாரிக்குத் தண்ணீர் விற்றால் பயனில்லை, எல்லாக் கிணறுகளும் குடிப்பது ஒரே நீரைத்தான். இதைக் கிராம சபையில் பேசித் தீர்மானம் போட வேண்டும். அரசியலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பேசித்தான் ஆக வேண்டும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா சில நூறு ரூபாய்தான். மாதம் ஒருநாள், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், மேல்மட்டத் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து எழுதிவையுங்கள். அடித் தண்ணீருக்கு, கல் கட்டிய பாட்டிலை மூடியோடு இறக்கி, தரை தட்டியதும் தனிக் கயிற்றால் மூடியைச் சுண்டினால் போதும். மேலே 600, கீழே 900 என்று விரிந்தால் உப்பு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே எடுப்பைப் பாதியாகக் குறையுங்கள். நாக்கு சொல்லும்வரை காத்திருந்தால் பல மாதம் பிந்திவிடும்.

வரவுக் கணக்கும் வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறல் போக 3,700 லிட்டர் கிடைக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரையில் உப்பு படிந்திருக்கும் என்பதால், முதல் மழையில் குறைந்தது நூறு லிட்டரை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு தொட்டிக்கு, நிரம்பி வழிவது கிணற்றருகே மணல் குழிக்கு. அந்தக் குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும்.

மணல்மேடும் தண்ணீர்த் தொட்டிதான். மேடு உயர்ந்திருப்பதால்தான் மழைநீர் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கிறது. அடம்பன்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைத்த மேட்டை வீட்டு அடித்தளத்துக்காக அள்ளிவிட்டு, அதே வீட்டுக்குத் தண்ணீர் தேடுவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. 1993 முதல் வட இந்தியப் பெருங்கடல் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துவருவதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. கடல் ஏறும்போது மேட்டையும் தாழ்த்தினால் இரண்டு பக்கமும் நாமே நட்டப்படுகிறோம். ஊருணியைத் தூர் வாரும்போதும் இதே எச்சரிக்கை தேவை. வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். பொக்லைன் வாளி களிமண் அடுக்கைக் கிழித்துவிட்டால், கீழே உவர் நீர் உள்ள இடங்களில் ஊருணி முழுவதும் உப்பாகும். முதலில் ஓரத்தில் சிறு குழி வெட்டிக் களிமண் எத்தனை அடி கனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புயலில் கடல் ஏறிக் கிணற்றை மூடினால் என்ன செய்வது? எல்லோரும் உடனே இறைக்கத் தொடங்குவார்கள். ஒருமுறை மெதுவாக இறைத்துச் சேற்றையும் குப்பையையும் அள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள். நாள்தோறும் இறைத்தால் மேலே மணலில் நிற்கும் உப்பும் உள்ளே வரும், கீழே இருப்பதும் எழும்பும். இறைத்த தண்ணீரைக் கிணற்றருகே கொட்டாமல் வாய்க்காலில் விடுங்கள். மீதியை மழைதான் கழுவ வேண்டும், அதற்கு ஒரு பருவமோ இரண்டோ ஆகலாம். அதுவரை அந்தக் கிணறு துவைக்க, புழங்க மட்டும். கிருமிக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். வெள்ளத்துக்குப் பின் முதல் முறை இரண்டு மடங்கு போடலாம். பிளீச்சிங் பவுடர் உப்பை எடுக்காது, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு குடம் குடிநீர் வரும்போது இரண்டு மூன்று குடம் அடர் உப்புநீர் கழிவாக வெளியேறும். அந்தக் குழாயைக் கொல்லையில் கிணற்றை ஒட்டிய வாழை மரத்துக்கு விட்டிருந்தால், இன்றே மாற்றிக் கழிப்பறைத் தொட்டியோடு இணைத்துவிடுங்கள்.