‘பணிக்காலத்தில்’ என்பதும் ‘பணி நேரத்தில்’ என்பதும் ஒன்றல்ல

பதினாறு ஆண்டுகள் கனரக வாகனம் ஓட்டிய எனக்கு, 2022-இல் விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தபோது நேர்ந்த விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. செயற்கைக் காலுடன் நடக்கப் பழகியதைவிட, நான் வேலை பார்க்கும் அரசு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவோடு போராடியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு சான்றளித்த மறுவாரமே, எழுத்தர் ஒருவர் விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்து நீட்டினார். “வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் மாற்றுப் பணி கேட்கலாம், உங்களுக்கு விடுப்பில்தானே நடந்தது” என்றார். அவர் வஞ்சகமாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள், நானும் நம்பினேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். வீட்டில் ஒருமுறை படித்துவிட்டுத் தருகிறோம் என்று என் மனைவி சொன்னதால் தப்பித்தேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவைப் படித்த பிறகுதான் விவரம் புரிந்தது. பணிக்காலத்தில் உடற்குறை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய பணி இயலாதென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் சொல்வது பணிக்காலத்தை; விபத்து எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடந்தது என்று அது கேட்கவில்லை.

இதைக் காட்டியதும், “நாம் அரசுத் துறை இல்லையே” என்றார்கள். அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்புகளும் அரசு நிறுவனமே என்று இரண்டாம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. பிறகு ஓய்வூதியம் வருமே என்றார்கள். ஓய்வூதியம் கிடைப்பதைக் காரணம் காட்டிப் பணியை மறுக்கக் கூடாது என்று, 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழேயே, குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் மனுவை அதிகாரியின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் அப்படியொரு மனுவே வரவில்லை என்றார்கள். தயவுசெய்து தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், அல்லது பட்டுவாடாச் சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அடுத்து, அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாகவும் பணிப்பதிவேட்டில் முன்னெழுத்தாகவும் இருந்ததால், ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று முறை அலைந்தேன்.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அரசு நிறுவனம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று யாருக்குமே தெரியவில்லை. இதையும் எழுதியே, சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பினேன். ஆணையர் தருவது பரிந்துரைதான் என்றாலும், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் நிறுவனம் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். விசாரணைக்கு அழைப்பு வந்ததுமே எங்கள் அலுவலகத்தில் கோப்பு நகர்ந்துவிட்டது.

பதிவறையில் பணி கொடுத்தார்கள். ஆனால் ஆணையை வரி வரியாகப் படித்தபோது, ஊதிய விகிதம் ஒரு படி கீழே இருந்தது. மகிழ்ச்சியில் கையெழுத்திட்டிருந்தால் அது அப்படியே நிலைத்திருக்கும். அதே 20-ஆம் பிரிவை மேற்கோள் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் திருத்திய ஆணை வந்தது. இடையில் வீட்டிலிருந்த ஏழு மாதங்களை ஊதியமில்லா விடுப்பு என்று பதிந்திருக்கிறார்கள். அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறேன், இந்த முறை முத்திரையோடு.