பதின்மூன்றாம் மாடி

2007ஆம் ஆண்டு மழைக்காலத்திலிருந்து அடுத்த ஆண்டு அக்டோபர் வரை, பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கிய சிறிய வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்து, அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் நடுவே எழவிருந்த அலுவலகக் கோபுரத்துக்கு நான் கல் வரைந்துகொண்டிருந்தேன். கல் வரைவது என்பது எங்களுக்குள் வழங்கிய பேச்சு. கட்டடத்தின் வெளிமுகத்தில் பதிக்கவிருக்கும் கிரானைட் பலகை ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், கனம், துளைகள் எல்லாவற்றையும் தனித்தனியாக வரைந்து, அதற்கு ஓர் எண்ணும் இட்டுக் கொடுப்பதுதான் அந்த வேலை. நகரத்தின் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு இன்று யாருக்கும் நினைவிருக்காது என்றாலும், போட்ட கையெழுத்துக்கு மரியாதையாக இங்கும் சொல்லாமல் விடுகிறேன்.

கட்டடம் அப்போது முன்மொழிவு நிலையில்தான் இருந்தது. நகர நிர்வாகத்தின் ஒப்புதலும் வங்கிக் கடனும் முழுமையாகக் கைக்கு வந்திருக்கவில்லை. ஆனால் அத்தனை மாடிக்கான கல்லையும் நிறம் மாறாமல் ஒரே குவாரியிலிருந்து எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே அளவு சொல்லி விலை பேசியாக வேண்டும் என்பதால், அஸ்திவாரத்துக்கு ஒரு கூடை மண்கூட அள்ளாத கட்டடத்தின் உச்சிக் கற்களை நாங்கள் எண்ணத் தொடங்கியிருந்தோம். அவர்களுடைய காலை ஒன்பது மணி நமக்கு மாலை ஆறரை. ஐப்பசி நடுவில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஏழரை. ஆகவே ஊர் அடங்கும் நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் விளக்கு எரியும். 2008இல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு கடுமையானபோது, யுபிஎஸ் கூவத் தொடங்கியதும் பத்துப் பேரும் ஒரே சமயத்தில் கோப்பைச் சேமிக்கும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

வேலை தொடங்கிய முதல் வாரம், எங்களை நடத்திய சார் அந்தக் கட்டடத்தைப் 'போஸ்ட்மாடர்ன்' என்று சொன்னபோது நான் சற்றுத் திகைத்தேன். பின்நவீனத்துவம் என்ற சொல்லை அதுவரை நான் சிற்றிதழ்க்காரர்களிடம்தான் கேட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் தொண்ணூறுகளில் இலக்கியக் கூட்டங்களுக்குப் போன எவருக்கும் அந்தச் சொல் காதில் விழாமல் இருந்திருக்காது. விளங்கியிருக்குமா என்பது வேறு கேள்வி. அது கதைக்கும் கவிதைக்கும் உரிய சங்கதி என்றே நினைத்திருந்த எனக்கு, கட்டடக் கலையில் அதற்குத் தேதி குறித்தே வைத்திருக்கிறார்கள் என்பது புதுச் செய்தி. செயின்ட் லூயிஸ் நகரத்தின் புரூயிட்-ஐகோ குடியிருப்பை 1972இல் வெடி வைத்துத் தகர்த்த நாளைத்தான் நவீனக் கட்டடக் கலை இறந்த நாள் என்று சார்லஸ் ஜென்க்ஸ் என்ற விமர்சகர் எழுதினார். கண்ணாடியும் எஃகுமாக, தலையும் காலும் இல்லாத தீப்பெட்டிகளைப் போல நகரங்களை நிறைத்த கட்டடங்கள் மீது ஏற்பட்ட சலிப்புத்தான் அதன் வேர் என்று சார் ஒரே வாக்கியத்தில் முடித்தார். கூட்டங்களில் பத்து ஆண்டுகளாக எனக்குப் புரியாதது அன்று புரிந்தது.

புரிந்ததற்கு இன்னொரு காரணம் அவர் சுவரில் ஒட்டிய படம். நியூயார்க்கில் பிலிப் ஜான்சனும் ஜான் பர்கீயும் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்துக்காக வடிவமைத்து 1984இல் முடிந்த, 37 மாடியும் 197 மீட்டர் உயரமும் கொண்ட கட்டடம் அது. கீழே ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும் வளைவு வாசல், நடுவே நெட்டையான உடல், உச்சியில் நடுவில் வட்டமாக வெட்டி எடுக்கப்பட்ட முக்கோண முகப்பு. மேலிருந்து கீழ்வரை இளஞ்சிவப்புக் கிரானைட். பழைய காலத்து மர அலமாரியின் உச்சியைத் தூக்கிக் கட்டடத்தின் மேல் வைத்துவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கேலி செய்தார்களாம். எனக்கு அதில் கேலி எதுவும் தோன்றவில்லை. நெல்லையப்பர் கோயில் வாசலில் வளர்ந்தவனுக்கு, ஒரு கோபுரம் என்றால் அதற்குப் பாதம் இருக்கும், உடல் இருக்கும், உச்சியில் கலசம் இருக்கும் என்பது யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமன்று. அப்படி இல்லாத சென்னை எல்ஐசி கட்டடத்தைச் சிறுவயதில் பார்த்தபோதுதான் 'மேலே இன்னும் கட்டி முடிக்கவில்லையோ' என்று நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கட்டடமும் அந்த வம்சம்தான், கொஞ்சம் பிந்திப் பிறந்தது. மேலே போகப் போக மூன்று இடங்களில் உள்வாங்கிச் சுருங்கி, கடைசி நான்கு மாடி உயரத்துக்குக் கல் தூண்களும் வளைவுகளும் கொண்ட மகுடம் ஒன்றைச் சூடியிருந்தது. அந்த மகுடத்தின் முகப்புப் படத்தை ஏ1 தாளில் அச்செடுத்துச் சுவரில் மாட்டியிருந்தோம். இரவு பதினோரு மணிக்குக் கீழ்க்கடையிலிருந்து டீ கொண்டுவரும் அண்ணாச்சி, தூக்குவாளியைக் கீழே வைக்காமலே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஏ தம்பி, இந்த உச்சியில யாரு இருப்பா?" என்று ஒருநாள் கேட்டார்.

"யாரும் இருக்க மாட்டாவ அண்ணாச்சி. ஏசி மிஷினு, லிஃப்டு மோட்டாரு, சன்னல் தொடைக்க ஆள எறக்குத கிரேனு, அம்புட்டுதான்."

"மிஷினுக்கா இம்புட்டுச் சோடிப்பு?" என்றவர், சற்றுக் கழித்து, "சரிதான், நம்ம கோபுரத்து உச்சியில மட்டும் வௌவாலத் தவிர யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காலத்தில் என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது உச்சியன்று, கல்லின் கனம். நாங்கள் வரைந்த பலகைகளில் பெரும்பாலானவை 30 மில்லிமீட்டர் கனமே உள்ளவை. அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு. ஒரு சதுர மீட்டர் பலகை ஏறத்தாழ 80 கிலோ இருக்கும். விளிம்பில் காடி வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியை அதில் செருகி, அந்தக் கொக்கியைக் கட்டடத்தின் எலும்புக்கூட்டோடு முடுக்கிவிடுவார்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையே பத்து மில்லிமீட்டர் சந்து விட்டு, வெயிலில் கல் விரிய இடம் கொடுத்து, சந்தைச் சிலிகான் பசையால் அடைப்பார்கள். அந்தக் கல் எதையும் தாங்குவதில்லை. அதைத்தான் கட்டடம் தாங்குகிறது. கல் என்றால் பாரம் சுமப்பது என்று நம்பும் ஊரில் பிறந்த எனக்கு, திரையில் ஒவ்வொரு முறையும் அந்தக் குறுக்குவெட்டை வரையும்போது, பட்டுச்சேலை உடுத்திய பொம்மைக்கு அளவெடுப்பது போன்ற கூச்சம் இருந்தது.

மெல்லிய கல் விளையாட்டுக் காரியமும் அன்று. சிகாகோவில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் எழுப்பிய 83 மாடிக் கட்டடத்துக்கு இத்தாலியின் கராரா பளிங்குப் பலகைகள் சுமார் 43,000 பதித்தார்கள். கட்டட வேலை முடிவதற்குள்ளேயே, 1973 டிசம்பரில், ஒரு பலகை பெயர்ந்து விழுந்து பக்கத்துக் கட்டடத்தின் கூரையைத் துளைத்தது. ஆண்டுகள் போகப் போகக் குளிரிலும் வெயிலிலும் பலகைகள் அப்பளம் போல வளையத் தொடங்கின. கடைசியில் 1990 முதல் 1992 வரை அத்தனையையும் கழற்றிவிட்டு வெள்ளைக் கிரானைட்டை மாட்டினார்கள். சார் இந்தக் கதையை மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். ஒரு கொக்கியின் இடத்தை இரண்டு மில்லிமீட்டர் தவறாகப் போட்டவனைப் பார்த்து, "சிகாகோவுக்கு டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்பது அவருடைய வசவு.

ஒரு சனிக்கிழமை, இரவு வேலை முடிந்து உறக்கம் பிடிக்காமல் டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்றேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் நிலைக்காலின் கல் விடியற்காலையிலும் குளிர்ந்து கெட்டியாக, உண்மையாக இருந்தது. இது கல், நான் வரைவது தோல் என்று மனத்துக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்தத் தீர்ப்பு ஆட்டம் கண்டது. கல் என்பது கோபுரத்தின் அடிநிலைகளோடு நின்றுவிடுகிறது. மேலே உள்ளதெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். அதன் மேல் சுதை. சுதையின் மேல் வண்ணம். உள்ளே கூடு. அத்தனை உயரத்துக்குக் கல்லை ஏற்றினால் அடி தாங்காது என்று தெரிந்த பழைய தச்சர்கள், பாரத்தைக் கீழே வைத்துக் கோலத்தை மேலே வைத்திருக்கிறார்கள். தோல் என்று தெரிந்தே செய்த வேலை அது. தெரிந்து செய்ததால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்று அந்தத் தோலைப் பழுது பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். எங்கள் வரைபடத் தொகுதியில் சிலிகான் பசைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்ற குறிப்பு இருந்தது. அதற்குப் பிறகு யார் ஏறிப் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அன்றிலிருந்து மெல்லிய கல்லைப் பற்றிய என் கூச்சம் போயிற்று. அந்த விடுபட்ட வரியைப் பற்றிய கவலை வந்தது. சாரிடம் சொன்னேன். "அது நம்ம ஸ்கோப்ல இல்ல" என்றார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் முகத்தின் எழுத்து, மாடி எண், வரிசை எண் என மூன்று பகுதி கொண்ட பெயர் உண்டு. வடக்கு முகத்தில் இருபதாம் மாடியின் ஏழாம் கல் என்றால் அந்தப் பெயரைப் பார்த்தே குவாரியில் வெட்டுகிறவனும், லாரியில் ஏற்றுகிறவனும், தொங்கு மேடையில் நின்று மாட்டுகிறவனும் தெரிந்துகொள்வார்கள். இந்த எண்களை எக்செல் கோப்பில் உருவாக்கும் பொறுப்பு என்னுடையது. கட்டடக் கலைஞர் அனுப்பிய முகப்புப் படத்தில் பன்னிரண்டாம் மாடிக்கு மேல் நேரடியாகப் பதினான்கு என்று எழுதியிருந்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் ஓர் எண்ணை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கேள்வி எழுதி அனுப்ப வேண்டும் என்பது முறை. ஆனால் இவ்வளவு சின்ன விஷயத்துக்காக அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று, நானாகவே பெரிய மனது பண்ணி, பதின்மூன்றைச் சேர்த்து மேலுள்ள எண்களையெல்லாம் ஒன்று ஒன்றாகக் குறைத்துச் சரிசெய்துவிட்டேன்.

இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள் போன பிறகு, திருத்த வேண்டிய இடத்தைச் சுற்றிப் போடும் சிவப்பு மேகக் குறிக்குள் ஒரே வரி திரும்பி வந்தது: இந்தக் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி கிடையாது. அந்த எண்ணுள்ள மாடியை யாரும் வாடகைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்று அங்கே பல கட்டடங்களில் அதைச் சொல்லாமலே தாண்டிவிடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ராகுகாலம் பார்க்காமல் தாளில் கோடுகூடப் போடாத குடும்பத்தில் பிறந்த எனக்கு, அவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று தோன்றாமல் போனது வேடிக்கைதான். ஒரே மாதிரியான மாடிகளில் எண் மாறினாலும் கல் மாறாது. ஆனால் கட்டடம் உள்வாங்கிச் சுருங்கும் அந்த மூன்று இடங்களில், என் எண்களின்படி கல் வெட்டியிருந்தால், அகலமான மாடிக்கு ஒடுக்கமான கல் போய்ச் சேர்ந்திருக்கும். பதினோரு இரவுகள் உட்கார்ந்து திருத்தினோம். என்னோடு தென்காசியிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணும் எந்தக் குற்றமும் செய்யாமல் அந்தப் பதினோரு இரவும் கூட இருந்தாள். சார் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

திருத்திய தொகுதி 2008 ஆகஸ்டில் போனது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அக்டோபரில் எங்களுக்கு வந்த மின்னஞ்சலில், மறு அறிவிப்பு வரும் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் என்று மட்டும் இருந்தது. மறு அறிவிப்பு வரவேயில்லை. அந்த மனையில் வெகுநாள் கார் நிறுத்துமிடம்தான் இருந்தது என்பதைப் பிற்பாடு செயற்கைக்கோள் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் அலுவலகமும் மறு ஆண்டு கலைந்தது. நான் இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு பொறியாளரிடம் வீட்டுப் படங்கள் வரைகிறேன். படத்தில் எது விடுபட்டிருந்தாலும், ஃபோன் போட்டுக் கேட்காமல் ஒரு கோடும் சேர்ப்பதில்லை.

ஏடி அண்ட் டி கட்டடத்தை மாற்றிக் கட்ட 2017இல் ஒரு திட்டம் வந்தபோது, அதைக் கேலி செய்த அதே ஊரில் அதைக் காப்பாற்றச் சொல்லி ஆட்கள் பதாகை பிடித்து நின்றார்கள். மறு ஆண்டு அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை, ஏதோ நினைப்பில் பழைய இடத்துக்குப் போய் அண்ணாச்சி கடையில் டீ சொன்னேன். எங்கள் அலுவலகத்தைக் காலி செய்தபோது மிஞ்சிய ஏ1 தாள்களை அவர்தான் எடைக்கு வாங்கியிருந்தார். பிஸ்கட் பாட்டில்கள் நிற்கும் அலமாரியில் பாதி அடுக்குக்கு இன்னும் அந்தத் தாள்தான் விரிப்பு. முறுக்கு பாட்டிலை நகர்த்திப் பார்த்தேன். வடக்கு முகம், எண்ணெய்க்கறைக்கு அடியில், திருத்துவதற்கு முந்தைய பிரதி. பன்னிரண்டுக்கு மேலே, என் கையால் சேர்த்த பதின்மூன்று இருந்தது.