‘வீரர் என்பவர் யார்?’ கட்டுரையை எழுதவைத்தபோது

‘வீரர் என்பவர் யார்?’ என்று தலைப்பு கொடுத்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் உடனே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு பிறப்பு, படிப்பு, சாதனை என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். அது வாழ்க்கை வரலாறு, கேட்டதோ வரையறை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பில் இதை எழுதவைத்தபோது அதிக நேரம் போனது இந்த ஒரு வேறுபாட்டைப் பிடிபடவைக்கத்தான்.

எடுத்தவுடன் எழுத விடாதீர்கள். ஒரு மணி நேரம் இருந்தால் முதல் 15 நிமிடம் சொல்லுக்கே. வீரர், நாயகன், தலைவர், தியாகி என்று தாளில் எழுதி, எதிரே யாரை அப்படி அழைக்கிறோம் என்று குறிக்க வேண்டும். நாயகன் என்றதும் சினிமா வந்து நிற்கும். வீரன் என்றால் ரப்பர் தோட்டத்துக் கோயில் மதுரை வீரன். தியாகி ஏதோ ஒன்றை இழந்தவர். வீரர் இழந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை, இழக்க நேரும் என்று தெரிந்திருந்தால் போதும்.

பிறகு ஒரே வாக்கியம். ‘வீரர் என்பவர் தைரியசாலி’ என்பது வரையறை ஆகாது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல், அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் கடைசியாக நின்றது இது: ‘தனக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும், பிறருக்காக, யாரும் கட்டாயப்படுத்தாமல் முன்வருபவர் வீரர்.’ மூன்று நிபந்தனைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ‘பிறருக்காக’ போனால் மலையேறிச் சாதனை படைப்பவரும் உள்ளே வந்துவிடுவார்.

கட்டுரைக்கு உயிர் கொடுப்பது அடுத்த கட்டம்: வரையறையைச் சிக்கலான ஆட்களிடம் உரசிப் பார்ப்பது. 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூலி ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோனார்கள். பூட்டன் அங்கே போனவர் என்று சொல்லும் பிள்ளை அவரை வீரர் என்று எழுதத் துடிக்கும். அந்தத் துடிப்பை மதிக்க வேண்டும். ஆனாலும் மூன்றாவது நிபந்தனை இடிக்கிறது: துன்பப்பட்டதால் மட்டும் ஒருவர் வீரர் ஆவதில்லை. அதே முகாமில் காலரா கண்ட இன்னொருவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவர் தானாக உட்கார்ந்திருந்தால், அவர் வீரர். இந்த இடத்தை எழுதிய பிள்ளைகளின் கட்டுரை மற்றவற்றைவிட ஒரு படி மேலே நின்றது.

முழுதாகப் பொருந்துபவரும் பேராக்கிலேயே இருக்கிறார். செவிலியான சிபில் கார்த்திகேசு என்ற பெண்மணி பாப்பான் என்ற சிற்றூரில் ஜப்பானியருக்கு எதிரான கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார். 1943இல் பிடிபட்டு, கொடுமையான சித்திரவதையைத் தாங்கினார். தெரிந்தே செய்தார், பிறருக்காகச் செய்தார், யாரும் தள்ளவில்லை. மூன்றையும் ஒவ்வொரு வாக்கியத்தில் காட்டினால் போதும். பதக்கப் பட்டியல் வேண்டாம்.

எங்கள் ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தனை எழுதாத பிள்ளை இல்லை. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். மகத்தான தலைவர். ஆனால் முதல் நிபந்தனைக்குச் சான்று காட்ட முடியாவிட்டால் ‘தலைவர்’ என்றே எழுதட்டும். அதில் அவருக்குக் குறைவில்லை.

குறளை முடிவுரையில் ஒட்டவைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். ‘பேராண்மை என்ப தறுகண்’ என்று தொடங்கும் 773ஆம் குறள், பகைவனுக்குத் துன்பம் வந்தால் உதவுவதை வீரத்தின் கூர்மை என்கிறது. ‘பிறர்’ என்பதில் எதிரியும் அடக்கமா என்று கேட்கவைக்கும் குறள் இது. ஆகவே வரையறைக்கு அடுத்த பத்தியில் வைக்க வேண்டும்.

250 சொல் கட்டுரையானால் முன்னுரைக்கு 40 சொல் தாண்டக்கூடாது. பாதிக்கு மேல் உரசிப் பார்ப்பதற்குப் போகட்டும். திருத்தும்போது ‘வீரர்’ என்று தொடங்கியது நடுவில் ‘நாயகன்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சொல் மாறினால் வரையறையும் நழுவிவிடும். ‘வீரன் என்பவன்’ என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள், சிபில் கார்த்திகேசுவுக்கு அந்த வாக்கியத்தில் இடமிருக்காது.