பிசினஸ் படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பவர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "தம்பி, பையனுக்கு என்யுஎஸ் பிசினஸ் கிடைச்சிருக்கு, என்டியுல அக்கவுண்டன்சியும் கிடைச்சிருக்கு, எதை எடுக்கச் சொல்லலாம்?" என்யுஎஸ் என்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், என்டியு என்பது அங்கேயே உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கேட்பவர் பெரும்பாலும் அப்பாவோ மாமாவோதான். பையன் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவையில் இருப்பான், அவனுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. நான் என்யுஎஸ்ஸில் பிசினஸ் படித்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிப் போட்டுவிடுகிறேன். அடுத்த ஏப்ரலில் இணைப்பை அனுப்பினால் போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்யுஎஸ் பிசினஸ் பள்ளிக்கு இருக்கும் பேர் நியாயமான பேர்தான். ஆனால் நம் ஆட்கள் அதற்குச் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒத்துவருவதில்லை. "உலகத்துல எட்டாவது இடம்பா" என்பார்கள். அந்த எட்டு, கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்த இடம். மருத்துவம், பொறியியல், கணினி, சட்டம் எல்லாம் சேர்ந்த எட்டு. பிசினஸ் பள்ளிக்கென்று தனியாக வரும் பட்டியல்களில் பலவும் எம்பிஏவைப் பற்றியவை. ஃபைனான்ஷியல் டைம்ஸ் எம்பிஏ பட்டியலில் படித்து முடித்து மூன்று ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு சம்பளம் வாங்குகிறார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. எம்பிஏ வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். தொடக்கக்கல்லூரியோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டு வரும் உங்கள் பிள்ளைக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறது, ஏஏசிஎஸ்பி, ஈகுவிஸ் என்பார்கள், பிசினஸ் பள்ளிகளுக்குக் கொடுக்கும் சர்வதேசத் தரச் சான்றுகள். என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) மூன்று இடத்து பிசினஸ் பள்ளிகளுக்கும் இரண்டுமே உண்டு. உணவங்காடிக் கடையில் சுத்தத்துக்காக மாட்டியிருந்த 'ஏ' அட்டை மாதிரி அது. இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும், இருப்பதாலேயே மீ கோரிங் ருசியாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

சரி, அப்படியானால் என்யுஎஸ் பிசினஸுக்கு எதை வைத்துப் பேர்? இது அரசாங்கம் தேவைக்காகக் கட்டிய பள்ளி, அதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாடு தனியாகப் பிரிந்த அதே 1965இல், அப்போதைய சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன, வங்கி வேண்டும், மேலாளர்கள் வேண்டும், ஆள் இல்லை. பள்ளிக்குள் இருக்கும் நூலகத்துக்கு ஹோன் சுய் சென் பெயரை வைத்திருக்கிறார்கள். 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைவர், 1968இல் டிபிஎஸ் வங்கி தொடங்கியபோது அதற்கும் முதல் தலைவர், 1970 முதல் இறக்கும்வரை நிதியமைச்சர். அந்த நூலகத்தில் தேர்வு நேரத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குளிரில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியுமோ தெரியாது, ஆனால் அந்தப் பள்ளி எதற்காக இருக்கிறது என்பதை அந்த ஒரு பெயரே சொல்லிவிடும். பெரிய கட்டடம் மொக்தார் ரியாடி பெயரில் இருக்கிறது, இந்தோனேசியாவின் லிப்போ குழுமத்தைக் கட்டியெழுப்பியவர். ஒரு பக்கம் சிங்கப்பூர் அரசாங்கம், இன்னொரு பக்கம் தென்கிழக்காசியத் தொழிலதிபர்களின் பணம். பள்ளியின் குணமும் கிட்டத்தட்ட இதுதான்.

இதற்கும் முன்னால் நம் ஆட்களிடம் ஒரு பிசினஸ் பள்ளி இருந்தது, அதற்குக் கட்டடமும் கிடையாது, பட்டமும் கிடையாது. மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தனவே, அங்கே பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாக ஊரிலிருந்து வந்து, கூட்டிப் பெருக்கி, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாள் என்ற உதவியாளராகி, யாருக்குக் கடன் கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று ஆள் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியும் நிற்கும் கோபுரங்களில்தான் பிசினஸ் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இடம்தான் பாதி பலம் என்று நான் சொல்வது இதனால்தான். வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும், பல பன்னாட்டு நிறுவனங்களின் ஆசியத் தலைமையகங்களும் எல்லாம் ஒரே ஊருக்குள். காலையில் என்யுஎஸ் இருக்கும் கெண்ட் ரிட்ஜில் வகுப்பு, மதியம் வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேசில் நேர்முகம் என்று ரயிலிலேயே போய்வந்துவிடலாம். இங்குள்ள பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஒரு இன்டர்ன்ஷிப் என்று நிற்பதில்லை, ஒரு பருவத்தையே விடுப்பு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். பட்டம் வாங்கும்போது மூன்று நான்கு இடம் பார்த்துவிட்டிருக்கிறவர்களும் உண்டு. அளவுக்கு மீறிப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும், ஆனால் பணியமர்த்துபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள், என்ன செய்ய.

வகுப்பு எப்படி இருக்கும் என்று அப்பாக்கள் கேட்பதே இல்லை. கேட்க வேண்டியதே அதுதான். ஒவ்வொரு மாணவருக்கு முன்னாலும் மடித்த அட்டையில் பெயர். ஒரு நிறுவனத்தின் கதையை முந்தின நாள் படித்துவிட்டு வர வேண்டும், பேராசிரியர் கேள்வியைப் போடுவார், யார் பேசுகிறார்கள் என்பதற்கு மதிப்பெண். ஓரத்தில் உதவியாளர் ஒருவர் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருப்பார். முன்னால் ஒருவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லி ஒரு டிக் வாங்கிவிடும் திறமைசாலிகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள், முதல் சில வாரம் கை மேஜையை விட்டு எழும்பாது. எழுத்துத் தேர்வில் வெளுத்துக்கட்டுகிற பிள்ளை இங்கே பி மைனஸில் நிற்கும். அப்புறம் ஒரு நாள் பேசிவிடுவார்கள், பேசிய பிறகு யாராலும் நிறுத்த முடியாது, அது வேறு கதை.

குழு வேலையும் அப்படித்தான். ஐந்து பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, நள்ளிரவு தாண்டியும் ஸ்லைடில் எழுத்தின் அளவைப் பற்றிச் சண்டை, ஒருவர் மட்டும் புளூ டிக் காட்டிவிட்டுக் காணாமல் போயிருப்பார். காலையில் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு வளாகத்து மேட்டில் ஏறிவந்து வியர்வையோடு பேசுவார்கள். காணாமல் போனவருக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று சக மாணவர்களையே கேட்பார்கள். நண்பனுக்குக் குறைத்துப் போடுவதா வேண்டாமா என்று தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் மறந்துபோச்சு.

என்யுஎஸ்ஸில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்டால், நிஜமான நிறுவனத்துக்கு நிஜமான பிரச்சினையைத் தீர்த்துக்கொடுக்கும் களத் திட்டம் ஒன்று உண்டு, அதைச் சொல்வேன். அப்புறம் என்யுஎஸ் ஓவர்சீஸ் காலேஜஸ். பிசினஸ் பிள்ளைகளுக்கு மட்டுமானது அல்ல, எல்லாத் துறையினரும் போகலாம். வெளிநாட்டில் ஒரு ஸ்டார்ட்அப்பில் மாதக்கணக்கில் வேலை, பக்கத்திலேயே படிப்பு. கேரோசெல் நிறுவனர்கள் மூன்று பேரும் சிலிக்கன் வேலிக்கு அப்படிப் போய் வந்தவர்கள்தான், 2012இல் தொடங்கினார்கள். இன்று பழைய சோபாவையும் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தையும் நாம் தள்ளிவிடுகிற இடம் அது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆளுகை எப்படி என்று ஆண்டுதோறும் மதிப்பிடும் குறியீட்டுக்குப் பின்னாலும் இந்தப் பள்ளியின் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. வெளியே யாரும் பேசுவதில்லை, ஆனால் நிறுவனச் செயலாளர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பட்டியல் வருகிற நாளில் தெரியும்.

ஆனால் பையனுக்குக் கணக்கியல்தான் வேண்டும் என்றால் நான் என்டியுவைத்தான் சொல்வேன், என் பள்ளிக்குத் துரோகம் என்று நண்பர்கள் திட்டினாலும் சரி. 1987இல் கணக்கியல் பள்ளியை அப்படியே என்யுஎஸ்ஸிலிருந்து எடுத்து ஜூரோங் பக்கம் நன்யாங்குக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் என்யுஎஸ் மறுபடி கணக்கியலைத் தொடங்கினாலும், அந்த வேர் அங்கே ஆழமாகப் போய்விட்டது. பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒரு தலைமுறை பார்ட்னர்களில் நிறைய பேர் அங்கே படித்தவர்கள். கட்டடமும் 2023இல் புதிது, மரத்தாலான ஆகப் பெரிய கட்டடம் ஆசியாவில் அதுதான் என்றார்கள், போய்ப் பார்த்தேன், அழகுதான். எஸ்எம்யு 2000இல்தான் தொடங்கியது, அமெரிக்காவின் வார்ட்டன் பிசினஸ் பள்ளியைப் பார்த்து வடிவமைத்தார்கள், இப்போது இருப்பது பிராஸ் பசாவில், நகர நடுவில். சிறிய வகுப்பு, பேச்சு, விளக்கவுரை என்று அவர்கள் ஆரம்பித்தது மற்ற இரண்டு பள்ளிகளையும் உலுக்கியது என்பதுதான் என் கணிப்பு. வாயுள்ள பிள்ளைக்கு நல்ல இடம். கட்டணம் மட்டும் கொஞ்சம் கூட.

குறை இல்லாமலா? எல்லாரும் ஒரே நான்கு கதவையே தட்டுகிறார்கள். வங்கி, ஆலோசனை, பெரிய தணிக்கை நிறுவனம், பெரிய டெக் நிறுவனம். சிராங்கூன் சாலையில் அப்பா இருபது முப்பது வருடமாகக் கடை நடத்தியிருப்பார், வாடகை ஏறுவதையும் ஆள் கிடைக்காததையும் தினம் சமாளித்துக்கொண்டிருப்பார், பிள்ளை பிசினஸ் படித்துவிட்டு அந்தக் கடைக் கணக்கை ஒரு நாள்கூடத் திறந்து பார்த்திருக்காது. இது பள்ளியின் குற்றமா வீட்டின் குற்றமா என்று கேட்டால், அந்த அப்பாவே "நீ இங்க வராதே, பேங்க்குக்குப் போ" என்றுதான் சொல்லியிருப்பார்.

சம்பளம் பற்றி. ஒவ்வொரு ஆண்டும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் போடுகிறார்கள். 2024இல் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எல்லாத் துறைக்கும் சேர்த்து 4,500 வெள்ளி, ஆனால் அப்படி நிரந்தர வேலை கிடைத்தவர்களின் பங்கு முந்தைய ஆண்டின் 84 விழுக்காட்டிலிருந்து 80க்குக் கீழே வந்துவிட்டது. நம் ஆட்கள் நடுவில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பார்கள். அதே அட்டவணையில் கீழ்க்கால்வாசி, மேல்கால்வாசி என்று இரண்டு கட்டம் இருக்கிறது (கீழே உள்ள கால்வாசிப் பேரின் எல்லை எது, மேலே உள்ள கால்வாசிப் பேரின் எல்லை எது என்று), அதைப் பாருங்கள். பிசினஸில் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி கவனிக்க வேண்டியது. முதலீட்டு வங்கிக்குப் போன சிலர் மேலே இழுப்பார்கள், உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கும் என்பதைப் பள்ளியின் பெயர் தீர்மானிக்காது.

கடைசியாகப் பணம். குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக என்யுஎஸ்ஸில் ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். நிரந்தரவாசிகளும் தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்களும் மானியம் எடுத்தால் படித்த பிறகு மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மசேநிதியிலிருந்தும், அதாவது ஓய்வுக்காலத்துக்கான மத்திய சேம நிதியிலிருந்தும் கட்டலாம். பல பேர் அதை அப்பா கொடுக்கும் அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படித்து முடித்து ஓராண்டில் பையன் அதை வட்டியோடு அப்பாவின் கணக்கிலேயே திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். இதைச் சொன்னதும் இரண்டு மூன்று அப்பாக்கள் எந்தப் பள்ளி என்ற கேள்வியையே விட்டுவிட்டு, "அப்படியா, எவ்வளவு வட்டி?" என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.