காலி டேங்குக்கு 120 டாலர்

அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் சாங்கியில் இறங்கி மூன்று நாள் ஆகிறது, கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன், பேஜ், சயான் என்று ஒன்பது நாள் சுற்றியதை நாள்வாரியாக, செலவுக் கணக்கோடு எழுதுவதாக வாட்ஸ்அப் குழுவில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதெல்லாம் அப்புறம். முதலில் இந்த டேங்க் விவகாரம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், வாடகை நிறுவனத்தின் ஆள் உள்ளே ஏறி சுவரில் இருந்த பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினார். பிளாக் டேங்குக்கு, அதாவது கழிவறைத் தொட்டிக்கு, நேரே மூன்றில் இரண்டு பங்கு வரை விளக்கு எரிந்தது. "காலி செய்யாமல் கொண்டு வந்திருக்கிறீர்கள். 120 டாலர்." நானோ ஒரு மணி நேரம் முன்புதான் கையுறை மாட்டி, மூக்கைத் திருப்பிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டு வந்தவன். சொன்னேன். அவர் மறுபடியும் விளக்கைக் காட்டினார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, கட்டித் தொலைத்தேன். நம் சிங்கப்பூர் வெள்ளிக்கு நூற்றைம்பதுக்கு மேல்! தேக்கா பக்கம் நாலு பேர் வாழை இலை போட்டு, மீன் தலைக்கறியோடு சாப்பிட்டு எழலாம்.

நம் வீவக அடுக்குமாடி வீட்டில் கழிவறைப் பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது, அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதே இல்லை. ஆர்வியில் அது உங்கள் கூடவே ஊர் சுற்றும். சிங்க், குளியல் தண்ணீர் கிரே டேங்குக்கு, கழிவறை சமாச்சாரம் பிளாக் டேங்குக்கு. தொட்டியின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் திருகாணி மாதிரி உலோக முனைகள் குத்தியிருக்கும். தண்ணீர் ஏறி முனையைத் தொட்டால் அதன் வழியே சிறு மின்னோட்டம் பாயும், விளக்கு எரியும். அவ்வளவுதான் விஞ்ஞானம். தண்ணீருக்குப் பதிலாக ஈரக் காகிதமோ ஈரம் கலந்த எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த முனைக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த விளக்கை நம்பித்தான் கிராண்ட் கேன்யனில் சூரிய அஸ்தமனத்தையே கோட்டைவிட்டோம். இரண்டாம் நாளே பிளாக் டேங்க் 'ஃபுல்' என்று காட்டியது. என் மனைவி பதறிப்போனார். கழிவு கொட்டும் இடத்தில் ஆறு வண்டிக்குப் பின்னால் நின்று, முறை வந்து வால்வை இழுத்தால் வந்தது இரண்டு வாளி. வானம் அதற்குள் கறுத்துவிட்டது. அஸ்தமனம் பார்க்கிற ஹோப்பி பாயிண்டில் அன்றைக்கு எடுத்த அருமையான படங்களை மற்றவர்கள் போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அடுத்து நின்ற அமெரிக்கத் தாத்தா கேட்டாரே ஒரு கேள்வி: "ஃப்ளஷ் பண்ணும்போது எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள்?" நான் பெருமையாக, "ரொம்பக் கொஞ்சம்" என்றேன். சின்ன வயதிலிருந்து 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று கேட்டு வளர்ந்த சிங்கப்பூர் ஆள், பாலைவனத்தில் வேறு இருக்கிறேன்! தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். பிளாக் டேங்கில் சிக்கனமே கூடாதாம். தண்ணீர் போதாவிட்டால் காகிதம் கரையாது, அப்படியே சுவரில் போய் அப்பிக்கொள்ளும். முதல் இரவு தங்கிய இடத்தில் கழிவுக் குழாய் இணைப்பு இருந்ததால் வால்வைத் திறந்தே விட்டிருந்தோம். அது அதைவிடப் பெரிய தப்பு. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மிச்சம் கூம்பு போலக் குவிந்து இறுகிவிடும். வால்வை மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு திறந்தால்தான் எல்லாம் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போகும். முதலில் பிளாக், பிறகு கிரே. அப்போது சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிவிடும். காலியானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும், உலர விடக்கூடாது.

ஐஸ் கட்டி போட்டு வண்டியை ஓட்டினால் சுத்தமாகிவிடும் என்கிறார்களே என்று கேட்டேன். சிரித்தார். ஐஸ் மிதக்கும், கரையும், ஒட்டியிருப்பதைச் சுரண்டாது. அதற்குப் பதில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் ஊற்றி நூறு மைல் ஓட்டு, குலுங்கிக் குலுங்கிக் கழுவட்டும் என்றார். மறுநாள் அதையே செய்தோம். வழியில் கேமரன் டிரேடிங் போஸ்டில் நிறுத்தி நவஹோ டாக்கோ சாப்பிட்டோம். பொரித்த ரொட்டிமேல் பீன்ஸும் இறைச்சியும் மலையாகக் குவித்து வருகிறது, ஒன்று வாங்கி இரண்டு பேர் சாப்பிட்டும் மிச்சம். ஒன்பது நாளில் காசு கொடுத்ததற்கு வருத்தப்படாத ஒரே சாப்பாடு. பேஜ் போவதற்குள் ஒரு விளக்கு அணைந்தது. மற்றது அணையவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் வாடகைக்கு எடுத்து அதைப் பாழாக்கினார்களோ.

கிரே டேங்க் விளக்கும் இப்படித்தான் ஏமாற்றியது, அந்தக் கோளாறுக்கு மட்டும் முழுக் காரணம் நாங்கள்தான். தினம் சாம்பார், பொரியல், தாளிப்பு. அந்த எண்ணெய்த் தட்டையெல்லாம் அப்படியே சிங்கில் கழுவினோம். காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவியிருக்க வேண்டும். நம் ஊர் உணவுக்கடைகளில் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும் எண்ணெய்ப் பொறி எதற்கு வைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

ஊர் வந்ததும் சித்தப்பாவிடம் புலம்பினேன். துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவர். "வாடா, நீயே பார்" என்று ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு எவர்சில்வர் திருகாணி குத்தினார். சிம் லிம் டவரில் வாங்கிய பழைய மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மாட்டினார். காலி டப்பா, ஒன்றும் காட்டவில்லை. தண்ணீர் ஊற்றினார், எண் வந்தது. கொட்டித் துடைத்தார், போய்விட்டது. அப்புறம் சாம்பார் சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றி, ஒரு ஈரக் காகிதத்தை இரண்டு திருகாணிக்கும் குறுக்கே அப்பினார். தண்ணீரைக் கொட்டினார். டப்பாவில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மீட்டரில் எண் அப்படியே நின்றது. என் 120 டாலர் அதுதான்.

சொந்த வண்டி என்றால் தொட்டிக்கு வெளியே ஒட்டும் சென்சார் போடலாம். கனடாவின் கார்னெட் செய்யும் சீலெவல் அப்படிப்பட்டது. கழிவு அதைத் தொடுவதே இல்லை, அளவைச் சதவீதத்தில் காட்டும். வாடகை வண்டிக்கு அந்தப் பேச்சே கிடையாது. வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதே பலகையில் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். காலித் தொட்டிக்கு விளக்கு எரிந்தால் அவர்கள் ஆளும் சேர்ந்து தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். காலி செய்த பிறகு கழிவறைத் துளைக்குள் டார்ச் அடித்து இன்னொரு வீடியோ. அசிங்கம்தான், ஆனால் 120 டாலர்.

டப்பா படத்தோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். பாதிப் பணத்தை அடுத்த வாடகையில் கழித்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. அடுத்த வாடகையாம்! வழித்தடமும் செலவுக் கணக்கும் அடுத்த பதிவில். பெட்ரோல் ரசீதுகளைக் கூட்டிப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.