காலர் நாட்கள்

மார்ச் 2, திங்கள்

‘கையில் இருப்பவை’ என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினேன், பக்கம் நிரம்பிவிட்டது. ஆய்வேட்டின் நான்காம் இயல். ஐந்தாம் இயல். பாசி மாதிரிகளின் அட்டவணையைச் சரிபார்ப்பது. சங்கத்தின் மாதமடல். தோழியின் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்துத் தருவதாகச் சொன்னது. புதிய வரைபட மென்பொருள் கற்றுக்கொள்வது. பழைய புகைப்படங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வைப்பது. ஓர் அயல்மொழி (இது எப்போது உள்ளே நுழைந்தது?). தினமும் நடை. தினமும் தியானம். தினமும் நாட்குறிப்பு.

டாக்டர் அனுமதித்திருப்பது ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். அதிலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். மற்ற நேரம் கழுத்துக் காலரும் தலையணையும்.

பட்டியலில் ஒன்றையாவது யாராவது என் தலையில் கட்டினார்களா என்று யோசித்தேன். மாதமடலைத் தவிர எல்லாம் நானாகச் சேர்த்தவை. சேர்த்த நாள் ஒவ்வொன்றுக்கும் உண்டு. நீக்கிய நாள் எதற்கும் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வேட்டுக்குக் கேட்ட கால நீட்டிப்புக்குப் பதில் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

‘ஆய்வேட்டை முடிக்க வேண்டும்’ என்று பல மாதங்களாக எழுதி வைத்திருக்கிறேன். இது குறிக்கோளே இல்லை, பெருமூச்சு.

உளவியலாளர் எட்வின் லாக் 1968-இலேயே சொல்லிவிட்டார்: ‘உன்னால் இயன்றதைச் செய்’ என்று விட்டுவிடுவதைவிட, இன்னது, இவ்வளவு என்று திட்டமாகச் சொன்ன கடினமான இலக்குதான் வேலை வாங்கும். எனக்கு மிகவும் பிடித்தது கேரி லேதமும் அவருடைய சக ஆய்வாளரும் 1975-இல் வெளியிட்ட மரலாரி ஆய்வு. ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘94 சதவீதம்’ என்று ஒரே ஓர் எண்ணைச் சொன்னார்கள். கூலி உயரவில்லை, லாரி மாறவில்லை. சில மாதங்களில் சுமை 90-ஐத் தாண்டியது.

ஆக, எனக்கும் ஓர் எண் வேண்டும். காலரைக் கழற்றியதும் முதல் அரை மணி நேரம் நான்காம் இயலின் விவாதப் பகுதி. நாளுக்கு ஒரு பக்கம். மார்ச் 31-க்குள் முழு வரைவு நெறியாளர் மேசையில். பட்டம் என் கையில் இல்லை, நீட்டிப்பும் இல்லை. பக்கம் இருக்கிறது.

நல்ல குறிக்கோளுக்கு ஐந்து எழுத்தில் இலக்கணம் சொல்லும் இந்த ‘ஸ்மார்ட்’ (SMART) சூத்திரத்தை எங்கே பார்த்தாலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் டோரன் 1981-இல் ஒரு மேலாண்மை இதழில் எழுதியது. அவர் எழுதியபோது நடுவில் இருந்த ‘A’ என்ற எழுத்து ‘யார் செய்வது என்று ஒருவரிடம் ஒப்படைக்கக்கூடியது’ என்பதைக் குறித்தது. பிறகு வந்தவர்கள் அதை ‘எட்டக்கூடியது’ என்று மாற்றிவிட்டார்கள். தனி ஆள் குறிக்கோளுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்று நினைத்திருப்பார்கள். பட்டியலை அந்தக் கேள்வியோடு மறுபடி படித்தேன்: இதை நான்தான் செய்ய வேண்டுமா? மாதமடலில் வந்து நின்றுவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு பக்கம் ஆயிற்று. மட்டமான பக்கம்.

மார்ச் 8, ஞாயிறு

மாதமடல், மாதமடல். நேற்று இரவு முழுக்க அதுதான்.

யார் படிக்கிறார்கள்? செயலாளர் படிக்கிறார், அவருடைய படம் தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பிறந்தநாள் வாழ்த்துப் பகுதியில் பெயர் விடுபட்டவர் படிக்கிறார். சென்ற இதழில் இரண்டாம் பக்கத்தையே மூன்றாம் பக்கமாகவும் அச்சிட்டுவிட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு நான் கட்டுரை கேட்டு அலைகிறேன், வராத கட்டுரையை நானே எழுதுகிறேன், தலையங்கத்தை அவர் குரலில் எழுதி அவர் பெயரைப் போடுகிறேன். மாதத்தில் ஒரு வாரம் போகிறது.

விட்டுவிடு என்றால் உடனே மனம் சொல்வது: இத்தனை ஆண்டு செய்தாயிற்றே. ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-இல் நாடக அரங்கின் பருவச் சீட்டை வைத்து இதைத்தான் காட்டினார்கள். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லாம் அதே நாடகங்கள்தான். போன பணம் ஆளை இழுத்து வருகிறது.

இத்தனை ஆண்டுகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறேன். இன்று ஒருவர் புதிதாக வந்து, ‘மாதமடல் ஒன்று இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டால்? வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பியிருப்பேன்.

ஆனால் காரணம் போன காலம் மட்டும் இல்லை. என்னை விட்டால் ஆள் இல்லை என்ற எண்ணம் ஒன்று இருக்கிறது. அது இனிக்கிறது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். மெய்ப்புக்குத் தோழி, மென்பொருளுக்கு அதைப் பரிந்துரைத்த ஆய்வகத் தம்பி, புகைப்படத்துக்கு அக்கா. வேலையை அடிப்பதற்குப் பேனா போதும். ஆளிடம் சொல்வதற்குத்தான் தொண்டை வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

பதில் இல்லை. மின்னஞ்சலைத் திறக்கும் நேரத்தை மாலை ஐந்துக்கு மாற்றியிருக்கிறேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், நாளை படிப்பதற்காக.

மார்ச் 11, புதன்

காலரோடு குனிய முடியாது. கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்து நடுங்கினால், அதைக் கையால் துழாவி எடுத்து, கண் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டு பார்க்க வேண்டும். தோள் இழுக்கிறது. முன்பெல்லாம் பார்த்ததே தெரியாது. இப்போது ஒவ்வொரு பார்வைக்கும் வலி கட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தவற்றில் இன்று காலை தேறியது எதுவும் இல்லை. ‘சரி’, ‘சரி’, கைகூப்பும் படம், மாதமடலுக்குப் படம் எப்போது, யாரோ யாருக்கோ அனுப்ப வேண்டியதை எங்கள் எல்லாருக்கும் அனுப்பியது.

அவசரம் வேறு, முக்கியம் வேறு என்பதை நான்கு கட்டம் போட்டு அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பெயரில் கொடுக்கிறார்கள். 1954-இல் ஓர் உரையில் அவர் அதைச் சொன்னது உண்மை. ஆனால் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னது என்றுதான் சொன்னார். அந்தக் கல்லூரித் தலைவருக்குக் கட்டமும் கிடைக்கவில்லை, பெயரும் கிடைக்கவில்லை.

கட்டம் போடுவதால் அவசரத்தின் பிடி தளர்வதில்லை. மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீ மூவரும் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், கெடு நெருங்கியது போலக் காட்டினாலே போதும், ஆட்கள் குறைந்த பலன் தரும் வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பலன் குறைவு என்று தெரிந்தேதான். என் ஆய்வேட்டுக்கு நாள்தோறும் நடுங்கும் ஒலி கிடையாது. மாதமடலுக்கு உண்டு.

வேலைக்கு நடுவே வேலை மாறினால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெரோய் 2009-இல் எழுதினார். எனக்குக் கிடைப்பது அரை மணித் துண்டுகள். அதில் பாதி அப்படித் தங்கிப் போனால் மிச்சம் என்ன?

கைபேசி இனிப் பக்கத்து அறையில்.

மார்ச் 12, வியாழன்

எதுவும் ஆகவில்லை. வலி. எழுதியவரை எல்லாம் அபத்தமாகத் தெரிகிறது. இதற்குமேல் நிற்க முடியவில்லை.

மார்ச் 14, சனி

அக்கா வந்தாள். என் பட்டியலைக் கண் உயரத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் படித்தாள்.

“இதில் எதைச் செய்யாவிட்டால் யார் கேட்பார்கள்?”

“நீ கேட்பாய். புகைப்படம்.”

“நான் எப்போது கேட்டேன்?”

போன ஆண்டு கேட்டாளே என்றேன். ஒரே ஒரு படம் கேட்டாளாம், அம்மாவும் அவளும் படிக்கட்டில் நிற்பது. மொத்தப் படங்களையும் ஆண்டுவாரியாகப் பிரிப்பது என் ஏற்பாடாம். அந்த ஒரு படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஓராண்டு வேலை கீழே விழுந்தது.

அடுத்து அவள் கை வைத்தது என் வண்ண அட்டவணையில். நேர மேலாண்மைக்கு என்று போட்டிருந்தேன்: பச்சை ஆழ்ந்த வேலை, மஞ்சள் சில்லறை வேலை, சிவப்பு ஓய்வு. ஒவ்வொரு இரவும் அதற்கு நிறம் தீட்ட வேண்டும். “இந்த அட்டவணைக்கு எந்த நிறம்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கிழித்துவிட்டாள்.

அயல்மொழி போயிற்று. தியானமும் போயிற்று, செய்ததே இல்லை, எழுதி எழுதிக் குற்ற உணர்வுதான் வளர்ந்தது. மென்பொருள் ஆய்வேட்டுக்குப் பிறகு. தோழிக்கு அக்கா முன்னாலேயே செய்தி அனுப்பினேன்: இந்த மாதம் முடியாது. ‘அதை நீ ஒப்புக்கொண்ட அடுத்த வாரமே வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டேனே, உன்னிடம் சொல்லவில்லையா?’ என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மாலை பழைய ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசுவதையும் அடிக்கப் பார்த்தாள். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, சொன்னதையே திரும்பச் சொல்வார், ஒரு மணி நேரம் ஆகும். ஆய்வேட்டுக்கு ஒரு வரிகூட அதனால் வராது. அதைத் தொடாதே என்றேன். இருக்கட்டும். எல்லாவற்றையும் பக்கக் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் ஆளாக ஆவதற்கா இத்தனை பாடு?

மார்ச் 15, ஞாயிறு

யாரோ அனுப்பினார்கள்: 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் குறிக்கோளை எழுதி வைத்த 3 சதவீதம் பேர், பிற்காலத்தில் மற்ற எல்லாரும் சேர்த்ததைவிட அதிகச் சொத்துச் சேர்த்தார்களாம். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு ஆதாரமே கிடையாது. பலர் தேடிப் பார்த்துக் கைவிட்டாயிற்று. இருந்தும் மேடைதோறும் உலவுகிறது. குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இன்றைய சாதனை.

மார்ச் 17, செவ்வாய்

பதினேழு ஆகிவிட்டது, பக்கங்கள் பின்தங்கியிருக்கின்றன. பதற்றத்தில் ‘நாளை முதல் இரண்டு பக்கம்’ என்று எழுதி, அடித்தேன்.

திட்டமிடும்போது நாம் எப்போதும் குறைத்தே கணக்கிடுகிறோம் என்பதற்குக் உளவியலாளர்கள் கானமனும் டிவர்ஸ்கியும் 1979-இல் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1994-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கென்றே செய்தது போல இருக்கும். மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரி மதிப்பீடு 33.9 நாள். எல்லாமே கெட்டுப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அவர்களுக்குக் கழுத்தில் காலர் இருந்ததாக எங்கும் எழுதவில்லை.

நேரத்தைக் கூட்ட முடியாது. தேதியும் என்னுடையதல்ல, பதில் வரவில்லை. மிச்சம் இருப்பது வேலையைக் குறைப்பது. குறைப்பது நமக்கு ஏன் தோன்றவே மாட்டேன் என்கிறது? 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை ஒன்றில் லெகோ கட்டைகளால் ஆன ஒரு மேற்கூரையை உறுதிப்படுத்தச் சொன்னார்கள். ஒரு கட்டையை எடுத்தாலே கூரை சரியாக உட்காரும். சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பணம் பிடிப்போம் என்றும் சொன்னார்கள். அப்படியும் பலர் கட்டையைச் சேர்த்தார்கள். எடுப்பதற்குப் பிடித்தம் இல்லை என்று வெளிப்படையாக நினைவூட்டிய பிறகுதான் கூடுதலானோர் எடுத்தார்கள்.

ஆக எனக்கு நானே நினைவூட்டிக்கொள்கிறேன். மூன்றாம் சேகரிப்புத் தளத்தின் பாசி மாதிரிகள். இரண்டு பருவம் சேகரித்தவை, பாதி கெட்டுப் போனவை. அவற்றுக்காகத்தான் விவாதப் பகுதி நீண்டு நீண்டு போகிறது. எடுத்தால்? முடிவு மாறுமா? அட்டவணையை வைத்துப் பார்த்தேன். மாறவில்லை.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.

மார்ச் 19, வியாழன்

செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று துண்டுத்தாளில் எழுதி, நின்றுகொண்டே படித்தேன். உடல்நிலை, ஆய்வேடு, மார்ச் இதழோடு நிறுத்திக்கொள்கிறேன், வேறு ஒருவருக்கு ஒரு மாதம் கூட இருந்து சொல்லித் தருகிறேன். அவர் கெஞ்சினால் என்ன சொல்வது என்பதற்கும் இரண்டு வரி வைத்திருந்தேன்.

“அப்படியா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அனுப்பிவிடுங்கள்” என்றார்.

அவ்வளவுதான். ஏப்ரலில் இருந்து மாதமடலே வேண்டாம் என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்களாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார்களாம்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை இன்று.

மார்ச் 20, வெள்ளி

மாதமடல் விட்ட இடத்தில் ஒரு வாரம் கிடைத்திருக்க வேண்டும். இன்று காலை அந்த நேரத்தில் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தினேன். கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்று பார்க்கின்சன் 1955-இல் கேலியாக எழுதினார். கேலி என்று யார் சொன்னது?

உளவியலாளர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய வழியை முயல்கிறேன்: ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம். மன உறுதியை நம்ப வேண்டியதில்லை. சூழ்நிலையே கையைப் பிடித்து இழுக்கும். என்னுடையவை: காலரைக் கழற்றி ஆணியில் மாட்டினால், உடனே நேற்றைய கடைசி வாக்கியத்தை உரக்கப் படிப்பேன். இழுப்பறை மேல் கை போனால், எழுந்து நிற்பேன்.

மார்ச் 21, சனி

ஒரு பக்கமும் கொஞ்சமும். ஆசிரியரோடு பேசினேன். சொன்னதையே சொன்னார்.

மார்ச் 24, செவ்வாய்

மாலை ஐந்து மணி மின்னஞ்சல்: ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. மருத்துவச் சான்றிதழின் இரண்டாம் பக்கம் இணைக்கப்படவில்லை.’ இரண்டாம் பக்கம் வெற்றுப் பக்கம். அதையும் வருடி அனுப்பினேன்.

இதற்காக நான் காத்திருந்த விதத்தைப் பார்த்தால், பட்டியலில் எழுதாமலே அதிக நேரம் தின்ற வேலை இதுதான்.

மார்ச் 26, வியாழன்

நெறியாளர் அழைத்தார். மூன்றாம் தளத்தை எடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கிறது. பின்னிணைப்பில் ஒரு பத்தி மட்டும் வைக்கலாமா என்று கேட்கிறார். வைத்தால் படம் 4.2 திரும்ப வரும், அதற்கு அடிக்குறிப்பு, அடிக்குறிப்புக்கு அட்டவணை. முடியாது என்று சொல்வதற்கான காரணங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு மணிக்கு மறுபடி அழைப்பார். முதல் காரணம் வலுவாக இருக்கிறது. இரண்டாவதை